நின்றபடி அளந்த மேசை

கிள்ளானில் குடியிருக்கும் தம்புசாமியைக் கிள்ளானில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் போய்க் கேட்க வேண்டும். அங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் முப்பத்தொரு வருஷம் பரிமாறிய மனுஷன். காலையில் கொமுட்டர் ரயிலில் ஏறிப் போவார், வேலை முடிந்து அதே ரயிலில் திரும்புவார். இடையில் உட்கார்ந்த நேரம் என்று பார்த்தால் அந்த ரயில் பெட்டியில்தான். அதுவும் இடம் கிடைத்தால்.

வேலையில் ஆள் புலி. எந்த மேசையில் ரசம் தீர்ந்தது, யார் இலையில் அப்பளம் காலியானது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் வேண்டியது இலைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை வரும் பேங்க் அம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. மூன்றாம் மேசைச் சீன வக்கீலுக்குப் பாகற்காய் வறுவல் இரண்டு கை போட வேண்டும். டாக்சிக்கார சிங்குக்கு மோர்மிளகாய் இல்லாவிட்டால் சோறு இறங்காது. "என் மண்டைக்குள்ள ஆயிரம் எலை விரிச்சிக் கெடக்குதுலா" என்று பீற்றிக்கொள்வார். பீற்றட்டுமே, பொய்யில்லையே.

ஒரே ஒரு குறை முதுகு. கடையில் இருந்த மேசைகளெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்காகச் செய்தவை. பரிமாறுகிறவன் குனிந்தாக வேண்டும். சோற்றுக்கு ஒரு தடவை, சாம்பாருக்கு ஒரு தடவை, கறிக்கு, ரசத்துக்கு, மோருக்கு, மறுசோற்றுக்கு என்று ஒரு இலைக்கே எத்தனை குனிவு! "இந்த மேசைய செஞ்சவன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் திட்டாத நாளே கிடையாது. மேசை செய்கிற எவனும் ஒரு நாளாவது சாம்பார் வாளி தூக்கியிருக்க மாட்டான் என்பது அவருடைய உறுதியான கட்சி.

போன பொங்கலோடு வேலையை விட்டார். அறுபத்திரண்டு வயது, இனி வீட்டில் இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். வீட்டுக்கு வந்தார்தான், ஆனால் உட்காரவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம் காலைப் பிடித்து நிறுத்தியே வைத்திருந்தது. அடுப்படி வாசலில் நின்றபடி, இடக்கையில் தட்டை ஏந்திக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிடுவார். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் சந்தேகமாகவே இருக்கும்.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்ததே இல்லை. மகன் பிரவின் கல்யாணமாகிக் காஜாங்கில் இருக்கிறான். வந்தால் டிவிக்கு முன்னால் சோபாவில் தட்டோடு உட்கார்ந்துவிடுவான். மகள் ஷாமினி நர்ஸ். எந்த ஷிப்டு, எந்த வேளை என்று அவளுக்கே தெரியாது, கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவர் மனைவி அஞ்சலை அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். கையுறை பேக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே சாப்பாட்டு நேரத்திலாவது பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

அஞ்சலைக்கு அறுபது வயது நிறைகிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. ஒரு மாதம் முன்னதாகவே தம்புசாமி பெரிய மனது பண்ணிக் கேட்டார்.

"அஞ்சலை, அறுவது ஆவப் போவுது ஒனக்கு. என்னா வேணும், கேளு. சேலை எடுக்கட்டா? பக்கத்து வீட்டு பாய்கிட்ட சொன்னா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல நல்லதா பாத்து எடுத்துக் குடுப்பாரு."

"சேலையெல்லாம் வேணாங்க. இருக்கறதையே கட்ட முடியல" என்றாள் அஞ்சலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கி நாம எல்லாரும் ஒரே மேசையில ஒண்ணா உக்காந்து சாப்புடணும். கல்யாணமாயி முப்பத்தி மூணு வருசம் ஆச்சு, ஒரு நாளு கூட நாம அப்படி சாப்புட்டதில்ல. எனக்கு அது போதும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். ஆனால் தம்புசாமி இருக்கிறாரே, அவர் அத்தனை சொல்லையும் விட்டுவிட்டு 'மேசை' என்ற ஒன்றை மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"மேசைதானே? கடையில வாங்கறதா? சேச்சே. ஒனக்கு நானே என் கையால செஞ்சி தரேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"கை இருக்குங்க. அன்னிக்கி காலண்டர் மாட்ட ஆணி அடிச்சீங்களே, செவுரு பேந்து வந்துச்சி. அந்தக் கைதானே?"

"அது செவுத்து மேல தப்பு" என்று சொல்லிவிட்டுத் தம்புசாமி பக்கத்து வீட்டுக்கு விடுவிடென்று நடந்தார்.

பக்கத்து வீட்டு நஜ்முதீன் பாய் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சும்மா இருக்கிற மனுஷனுக்கு எங்கிருந்தோ ஒரு பைத்தியம் பிடித்தது: சாமான் வாங்குகிற பைத்தியம். டிரில், மின்ரம்பம், இழைக்கிற மெஷின் என்று வாங்கி வாங்கி அடுக்கினாரே தவிர, ஒன்றின் உறையையும் பிரித்ததில்லை. "இதெல்லாம் எதுக்கு வாங்கி வச்சிருக்கீங்க?" என்று அவர் மனைவி சுலைகா கேட்கும்போதெல்லாம் "தேவைப்படும்" என்பார். அந்தத் தேவை இதோ, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. பாய்க்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"அண்ணே, நீங்க கவலையே படாதீங்க. போன்ல பாத்தா எல்லாம் இருக்கு. நாலு காலு, ஒரு பலகை. என்னா பெரிய விசயம்?"

கிள்ளானில் ஒரு சீன முதலாளியின், அங்கே சொல்கிறபடி தவுக்கேயின், பலகைக் கடைக்கு இருவரும் போனார்கள். என்ன அளவு வேண்டும் என்று தவுக்கே மலாயில் கேட்டதும் பாய் தன் போனைத் தேடினார். தம்புசாமி அதற்குள் பையிலிருந்து ஒரு வாழையிலையை எடுத்துக் கடைத் தரையில் விரித்துவிட்டார். காய்கறிப் பாசாரில் அதற்கென்றே வாங்கி வந்தது.

"பாய், மேசைக்கு அளவு எலைதான். ஒரு எலை, பக்கத்துல முழங்கை மடக்க எடம், அப்புறம் இன்னொரு எலை. இது நீளம். எதிர்ல அதே மாதிரி ரெண்டு எலை. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல சாம்பார் வாளி, சோத்துப் பானை வைக்க ஒரு சாண். இது அகலம்." பிறகு விரலை மடக்கி எண்ணினார். "பிரவின், அவன் பொண்டாட்டி விஷ்ணுப்ரியா, ஷாமினி, அஞ்சலை. நாலு எலை. சரியா வருதுலா!"

தவுக்கே இந்த மாதிரி அளவை ஆயுளில் பார்த்ததில்லை. இலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, தலையை ஆட்டி, அதன்படியே மெராந்தி மரப் பலகையை அறுத்து லோரியில் ஏற்றிவிட்டார்.

தம்புசாமி வீட்டு முகப்புப் போர்ச்சிலிருந்து காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு அங்கே வேலையை ஆரம்பித்தார்கள். முதலில் கால்களுக்கு உயரம் குறிக்க வேண்டும். பாய் டேப்பை நீட்டிக்கொண்டு நின்றார். தம்புசாமி நேராக நிமிர்ந்து நின்று, சாம்பார் கரண்டியைப் பிடிப்பது போலக் கையை நீட்டி, தொப்புளுக்கு நேராகக் காட்டினார்.

"இந்த ஒசரம்."

பாய் அளந்தார். "முப்பத்தெட்டு அங்குலம் வருது அண்ணே. போன்ல முப்பதுன்னு போட்டிருக்கான்."

"யாரு போட்டது?"

"ஒரு வெள்ளக்காரன்."

"அவன் எத்தன எலைக்கு சாம்பார் ஊத்திருக்கான்னு கேளுங்க." தம்புசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது அங்குலத்துல மேசை போட்டவனாலதான் என் முதுகு போச்சு. முப்பத்தொரு வருசம் மேசை கூடவே நின்னவன் நானு. மேசையப் பத்தி எனக்குச் சொல்றீங்களா? என் வீட்டு மேசையில ஒருத்தரும் முதுகு வளைக்கக் கூடாது."

ரம்பம் வைத்திருப்பவர் பாய், மேசைக்குச் சொந்தக்காரர் தம்புசாமி. பாய் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முப்பத்தெட்டில் பென்சில் கோடு போட்டார்.

நாலு சனிக்கிழமை வேலை நடந்தது. முதல் சனிக்கிழமை பறந்த மரத்தூள் எல்லாம் அஞ்சலை காயப்போட்ட துணியில் போய் உட்கார்ந்தது. அவள் துணியை மறுபடியும் துவைத்தாள். இரண்டாம் சனிக்கிழமை பலகைகளைப் பசை போட்டு ஒட்டினார்கள். இறுக்கிப் பிடிக்கச் சாமான் இல்லை (பாய் அதை மட்டும் வாங்க மறந்திருந்தார்). அதற்குப் பதில் இரண்டு வீட்டு அரிசி மூட்டைகளையும் மேலே தூக்கி வைத்தார்கள். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் சோறு பொங்கவில்லை, கடையில் வாங்கிய ரொட்டி சானாய்தான். மூன்றாம் சனிக்கிழமை ஒரு காலைத் தலைகீழாக முடுக்கிவிட்டு, அது யார் செய்த தப்பு என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அஞ்சலை வந்து இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து, "காலு தன்னால திரும்பிக்குமா?" என்று கேட்ட பிறகுதான் ஸ்குருவைக் கழற்றினார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மணல்தாளைக் கையில் எடுத்ததும் தம்புசாமி வேறு ஆளாகிவிட்டார். மேசை துடைக்கிற கை அல்லவா! ஓரத்தில் ஆரம்பித்து, நீளமாக இழுத்து, மூலையில் வளைத்து, திரும்ப வந்து, அந்த ஓட்டம் மாறாமல் பலகையைத் தேய்த்தார். கை வைத்துப் பார்த்தால் மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்ததும் மெராந்திச் சிவப்பு பளபளத்தது. ஒரு கிளாஸ் தண்ணீரை நடுவில் வைத்து மேசையை உலுக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பாய் அதைப் போட்டோ எடுத்து மஸ்ஜித் இந்தியாவில் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

மேசை வீட்டுக்குள் வந்த வாரம் தம்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சலை அதில் கீரை ஆய்ந்து பார்த்துவிட்டு, "நல்ல ஒசரங்க, முதுகே வலிக்கல" என்றாள். ஷாமினி தன் யூனிபார்மை அதில் வைத்து இஸ்திரி போட்டாள். போகிற வருகிற எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று தடவிப் பார்த்தார்கள். கவனியுங்கள், நின்றார்கள். உட்கார்ந்து பார்க்க அந்த வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றும் இல்லை. அம்மாவின் பிறந்தநாளுக்கு அதை நான் வாங்கி வருகிறேன் என்று பிரவின் சொல்லியிருந்தான். எத்தனை என்று கேட்டவனிடம் அப்பா நாலு என்று சொல்லியிருந்தார்.

தம்புசாமியின் மனதில் ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. ஊரில் யார் யாருக்கோ பரிமாறியாயிற்று. தன் பெண்டாட்டிக்கு ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, ராஜமரியாதையோடு பரிமாற வேண்டும். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது, கேட்பதற்குள் இலைக்கு வர வேண்டும். இதை நினைத்து நினைத்து மனுஷனுக்கு ராத்தூக்கமே போய்விட்டது. அஞ்சலை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே வழி கரண்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரவினும் விஷ்ணுப்ரியாவும் பதினொரு மணிக்கு நாலு நாற்காலிகளோடு வந்து இறங்கினார்கள். அஞ்சலை விடியலில் எழுந்து சோறு, சாம்பார், கோழிப் பிரட்டல், கோபிஸ் பொரியல், பாகற்காய் வறுவல், ரசம், மோர், அப்பளம், பாயசம் எல்லாம் முடித்து, குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தம்புசாமி தோளில் துண்டோடு தயாராக நின்றார். நாலு இலை விரித்து, நுனி இடப்பக்கம் பார்த்து வைத்து, தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பும் ஊறுகாயும் பாகற்காயும் வைத்தாயிற்று.

"உக்காருங்க, உக்காருங்க!" கடையில் கூப்பிடுகிற அதே குரல்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

மேசை பிரவினுக்கு மார்புக்கு வந்தது, விஷ்ணுப்ரியாவுக்குத் தோளுக்கு வந்தது. குள்ளமான ஷாமினிக்குக் கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது. கையைத் தூக்கி இலையில் வைத்தால் முழங்கை காதோரம் நின்றது.

"அப்பா, பாகற்காய் என் கண்ணையே பாக்குது" என்றாள் ஷாமினி.

"பத்துமலைக் கோயில் மாதிரி கீழ படி கட்டி விட்டிருக்கலாம்லாப்பா" என்றான் பிரவின்.

மருமகள் மரியாதை தெரிந்த பெண். "பரவால்ல மாமா, சோறு வாய்க்குப் பக்கத்துலயே இருக்கு, வசதிதான்" என்றாள். அவ்வளவுதான். ஷாமினிக்குப் புரையேறிவிட்டது. பிரவின் நாற்காலியோடு சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தான்.

"சிரிங்க! நல்லா சிரிங்க! நாலு வாரம் ஒழைச்சவன் கிறுக்கன், ஒக்காந்து திங்கறவங்க புத்திசாலி!" என்று கத்தினார் தம்புசாமி. கத்தியதும் குரல் உடைந்துவிட்டது. முப்பது என்று பாய் சொன்னார். சொன்னாரே! அத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்த கண்ணுக்கு, உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் வரும் என்று ஏன் தெரியாமல் போனது? கையில் இருந்த சோற்றுப் பானையை மேசையில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேசையின் உயரத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வோர் இலையாக எண்ணினாள். பிறகு ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினாள்.

"ஏங்க, உங்க எலை எங்க?"

"எனக்கா? நான் பரிமாறணுமில்ல? நீங்கல்லாம் சாப்புடுங்க, நான் அப்புறமா..."

அஞ்சலை எழுந்துவிட்டாள். போட்ட இலையை விட்டு எழுந்திருப்பது தம்புசாமிக்கு ஆகவே ஆகாத காரியம். கடையில் யாராவது போன் பேச எழுந்தாலே முணுமுணுப்பார். அவர் பதறிப்போனார்.

"என்னா அஞ்சலை, எலையில ஒக்காந்துட்டு எந்திரிக்கறே?"

"நான் மேசையா கேட்டேன்?" அவள் குரல் உயரவில்லை. ஆனால் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னு கேட்டேன். எல்லாரும்னா அதுல நீங்க இல்லியா? பரிமாற ஆளு வேணும்னா நான் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறி வந்திருப்பேனே, அங்க எல்லாருக்கும் போடற மாதிரி எனக்கும் போட்டிருப்பீங்க. எனக்கு எதிர்ல உக்கார்ற ஆளுதான் வேணும். வேலைய விட்டு வந்தா உக்காருவீங்கன்னு இருந்தேன். பொங்கல்ல இருந்து பாக்கறேன், இன்னும் வாசப்படியிலயே நிக்கறீங்க."

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் துடைக்கவில்லை.

தம்புசாமி மேசையைப் பார்த்தார். இலைக்கு இலை அளந்து, வாளிக்கு ஒரு சாண் விட்டு, தொப்புளுக்கு நேராக உயரம் வைத்து, நிற்கிறவனுக்கு என்று தன் கையாலேயே செய்திருக்கிறார். உட்காருகிறவர்கள் நாலு பேரை எண்ணினார்; தன்னை எண்ணவில்லை. தன் வீட்டிலும் தன்னை அவர் வேலைக்காரனாகத்தான் வைத்திருந்திருக்கிறார். பாவி மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

"தப்புதான் அஞ்சலை" என்றார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை யாரும் கேட்டதில்லை. "இப்ப என்னா செய்யறது? நீயே சொல்லு."

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "பிரவின், போயி பாயக் கூப்புடு. ரம்பத்தோட வரச் சொல்லு. ஷாமினி, எலையெல்லாம் பதமா தட்டுக்கு மாத்து. விஷ்ணு, கொழம்ப மூடி வை." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து கூடத்து நடுவில் போட்டாள். "உக்காருங்க."

தம்புசாமி உட்கார்ந்தார். நாற்காலி நுனியில், இப்போதே எழுந்துவிடுகிற மாதிரி.

"நல்லா சாஞ்சி உக்காருங்க. சோறு பெசையற மாதிரி கைய வைங்க."

"எதுமேல வைக்கறது?"

"மேசை இருக்கறதா நெனச்சிக்குங்க."

இலையும் இல்லை, மேசையும் இல்லை. வெறும் காற்றில் தம்புசாமி சோறு பிசைந்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அஞ்சலை கீழே குந்தி, தரையிலிருந்து அவர் கை வரைக்கும் டேப்பைப் பிடித்தாள். அதற்குள் ரம்பத்தோடு ஓடி வந்த பாய் குனிந்து எண்ணைப் படித்தார்.

"முப்பதுக்கு அரை அங்குலம் கம்மி! நான் சொன்னேனா இல்லியா? அண்ணே, அந்த வெள்ளக்காரனும் சொன்னானா இல்லியா?"

"வாய மூடிட்டு அறுங்க பாய்" என்றார் தம்புசாமி.

போர்ச்சில் பழைய கம்பளத்தை விரித்து மேசையைக் கவிழ்த்துப் போட்டார்கள். நாலு காலிலும் பென்சில் கோடு. இந்தத் தடவை கோட்டை அஞ்சலையே போட்டாள். இரண்டு தடவை அளந்துதான் போட்டாள். நாலு கட்டைகள் டக் டக்கென்று விழுந்தன. பாயைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சுலைகா பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே சாப்பிட்டால் வீட்டில் வெட்டு விழும் என்று சொல்லி, ஒரு கிளாஸ் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு, வெட்டிய கட்டை ஒன்றை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது மணி இரண்டரை. ஐந்து இலை. அஞ்சலைக்கு நேர் எதிரே தம்புசாமியின் இலை. ஐந்தாவதாகப் பிரவின் பிளாஸ்டிக் நாற்காலியில், மேசையின் குறுக்குப் பக்கத்தில், இரண்டு காலுக்கும் நடுவே முட்டியை இடுக்கிக்கொண்டு, "நாலு நாற்காலி வாங்குனவனுக்கு இது வேணும்" என்று உட்கார்ந்தான். சோற்றுப் பானையும் சாம்பார் வாளியும் நடுவில், அந்த ஒரு சாண் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. அந்த அளவு மட்டும் பிசகவே இல்லை.

"யாரு பரிமாறுறது?" என்றார் தம்புசாமி.

"எல்லாம் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு. எடுத்துப் போட்டுக்கலாம்" என்றாள் அஞ்சலை.

சொல்வது சுலபம். ஷாமினி இலையில் சாம்பார் குறைந்ததும் தம்புசாமி எழுந்துவிட்டார். "ஒக்காருங்கப்பா!" விஷ்ணுப்ரியா அப்பளத்தைக் கடித்ததும் மறுபடி எழுந்தார். "மாமா, ப்ளீஸ்லா!" மூன்றாவது தடவை அவர் எழப் பார்த்தபோது, மேசைக்கு அடியில் அஞ்சலை தன் காலால் அவர் காலை மிதித்துக்கொண்டாள். சாப்பாடு முடிகிற வரை எடுக்கவே இல்லை.

கால் கட்டுப்பட்டாலும் கை சும்மா இருக்குமா? பாகற்காய்க் கிண்ணத்தை எடுத்து, கரண்டியால் அள்ளி, அஞ்சலையின் இலைக்கு நேராக நீட்டியவர் கையை அப்படியே நிறுத்தினார். அவள் இலையில் முதலில் வைத்த பாகற்காய் வைத்தபடியே இருந்தது.

"அஞ்சலை, ஒனக்குப் பாகக்கா புடிக்குமா?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மா பாகற்காயே தொட மாட்டாங்கப்பா" என்றாள் ஷாமினி.

"பின்ன ஏன் வாரா வாரம் வறுக்கறே?"

"உங்களுக்குப் புடிக்குமே" என்றாள் அஞ்சலை, அது ஒரு கேள்வியா என்பது போல.

தம்புசாமிக்குப் பேங்க் அம்மாவின் கத்தரிக்காய் தெரியும், சீன வக்கீலின் பாகற்காய் தெரியும், டாக்சிக்கார சிங்கின் மோர்மிளகாய் தெரியும். இவள் இலை மட்டும் தெரியாது. கரண்டியை மெதுவாகக் கிண்ணத்தில் திரும்ப வைத்தார். பிறகு தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, ஓரக்கண்ணால் அவள் இலையைப் பார்த்தார். சாம்பாருக்குக் கொஞ்சம்தான் சோறு வைத்தாள். ரசத்துக்குத் தாராளமாக வைத்தாள். கோபிஸை ரசத்தோடு சேர்த்துச் சாப்பிட்டாள். அப்பளத்தை மட்டும் தொடாமல் இலை ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக் காப்பாற்றினாள். கடைசியாக மோர் ஊற்றிப் பிசைந்து, அதன் மேல் அந்த அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள்.

தம்புசாமி தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து, உட்கார்ந்தபடியே கையை நீட்டி, அவள் இலையில் வைத்தார். மேசை சரியான அகலம். கை நன்றாக எட்டியது.

"உங்களுக்கு?" என்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை சாப்புட்டுக்கறேன்" என்றார்.

சாப்பாடு முடிந்து ஐந்து இலையும் மடித்தாயிற்று. மேசையைத் துடைக்க மட்டும் தன்னை விட வேண்டும் என்று தம்புசாமி கெஞ்சினார். போனால் போகிறது என்று அஞ்சலை காலை எடுத்துக்கொண்டாள். துண்டை நனைத்து எடுத்து வந்தவர் ஓரத்தில் ஆரம்பித்து, நீளமாக இழுத்து, மூலையில் வளைக்கக் குனிந்தார். முதுகு சுளீரென்று பிடித்தது.

"இந்த மேசைய செஞ்சவன் மட்டும் என் கையில..." என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

காலையிலிருந்து சிரிக்காத அஞ்சலை அப்போது சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தாள்.